அடுத்த துப்பாக்கியை ஓர் இடது கைக்காரனிடமும் கொடுத்துப் பாருங்கள்

சிங்கப்பூர்த் தரைப்படையின் அடுத்த துப்பாக்கி எது என்று முடிவெடுக்கும் மேசையில் இன்றோ என்றோ உட்காரப் போகிறவர்களுக்கு,

வணக்கம்.

நான் ஆயுத நிபுணன் இல்லை. மின்தூக்கி பழுதுபார்ப்பது என் தொழில். வயது நாற்பத்து மூன்று. நம் படையின் இப்போதைய துப்பாக்கியான எஸ்ஏஆர் 21 வந்து ஒன்றிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், அடிப்படைப் பயிற்சிக்காகத் தேக்கோங் தீவுக்குப் படகேறியவன். பிறகு சிக்னலர், அதாவது வானொலி செட் சுமக்கும் ஆள். அதற்கப்புறம், முழுநேரச் சேவை முடிந்தவர்களை அவ்வப்போது திரும்ப அழைக்கும் ரிசர்விஸ்ட் கடமையெல்லாம் முடிந்து, பச்சைச் சட்டையை மடித்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். அதை எடுத்துப் போடவும் மனமில்லை, தூக்கிப் போடவும் மனமில்லை.

இந்த மடலை எழுத வைத்தது ஒரு மாப்புக் கட்டை.

போன தீபாவளிக்கு மறுநாள் சித்தப்பா வீட்டுக்கு வந்திருந்தார். தேக்கோங்கிலிருந்து விடுப்பில் வந்திருந்த என் தங்கை மகனும் சாப்பிட உட்கார்ந்திருந்தான். கறிக்குழம்பு மேசைக்கு வருமுன்பே இரண்டு பேருக்கும் தகராறு. சித்தப்பா எண்பதுகளின் தொடக்கத்தில் எம்16 தூக்கியவர். அந்தப் பேச்சை எடுத்தாலே அவருக்கு இருபது வயது திரும்பிவிடும். பையனோ கணினி விளையாட்டில் உலகத்துத் துப்பாக்கிகளை எல்லாம் சுட்டுப் பார்த்தவன். "தாத்தா, உங்க எம்16 வெறும் நீளக் கழி. மாமாவோட எஸ்ஏஆர் 21 அதுக்குப் பரவாயில்ல. ஆனா புல்பப் காலமே முடிஞ்சுபோச்சு, எல்லா நாடும் கார்பைனுக்குப் போயாச்சு" என்றான். (புல்பப் என்றால் இயந்திரம் பின்கட்டைக்குள் இருக்கும் வகை, கார்பைன் என்றால் குழல் குட்டையான வகை. விவரம் கீழே.) "நாலு வாரம் தேக்கோங்ல இருந்துட்டு எனக்கே பாடம் எடுக்கிறியாடா?" என்றார் சித்தப்பா. அப்புறம் இருவரும் தீர்ப்புக்காக என்னைப் பார்த்தார்கள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. மின்தூக்கிக்காரனுக்குத் தெரிந்தது அளப்பது மட்டும்தான். மறு சனிக்கிழமை கீழே கடையில் நான்கு மாப்புக் கட்டைகள் வாங்கி, ரம்பத்தால் நான்கு நீளத்தில் அறுத்தேன். எம்16க்கு 990 மில்லிமீட்டர். எஸ்ஏஆர் 21க்கு 805. எம்4 கார்பைனுக்கு இரண்டு: பின்கட்டையை நீட்டினால் 838, உள்ளே தள்ளினால் 756. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் டேப். துப்பாக்கி உருவம் எதையும் செதுக்கவில்லை. நம் ஊரில் போலித் துப்பாக்கிக்கும் சட்டம் உண்டு, மாப்புக் கட்டைக்கு இல்லை.

அவற்றைத் தோளில் அண்டக் கொடுத்தபடி வீட்டுக்குள் நடந்தேன். படுக்கையறைக் கதவு, ஷெல்டர் அறை (வீட்டுக்குள்ளேயே இருக்கும் சின்னப் பாதுகாப்பு அறை), மின்தூக்கிக்குள் திரும்புதல், பக்கத்து வீட்டு மலாய் அம்மா மக்சிக்கின் பூந்தொட்டிகளுக்கும் சைக்கிளுக்கும் நடுவே தாழ்வாரம். மக்சிக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் மூடிக்கொண்டார். எம்16 கட்டை எல்லா இடத்திலும் இடித்தது. ஷெல்டர் அறைக்குள் அதை வைத்துக்கொண்டு திரும்பவே முடியவில்லை. மற்ற மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தால் எது எது என்று என்னால் சொல்லியிருக்க முடியாது. நீட்டிய கார்பைனுக்கும் எஸ்ஏஆர் 21க்கும் இடையே இரண்டு விரல் அகலம்தான் வித்தியாசம். உள்ளே தள்ளிய கார்பைன் எஸ்ஏஆர் 21ஐவிட ஐந்து சென்டிமீட்டர் குட்டை.

சிறுவயதிலிருந்து "புல்பப் குட்டையானது, அதனால் நல்லது" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த எனக்கு இது கொஞ்சம் அதிர்ச்சி. குட்டை என்று சொன்னது எம்16ஓடு ஒப்பிட்டு. அந்த வழக்கில் புல்பப் ஜெயித்தது நியாயம், கிட்டத்தட்ட ஒரு சாண் மிச்சம். கார்பைனோடு நடப்பது வேறு வழக்கு.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். இந்த மடலை என் அக்காவும் படிப்பார் என்பதால் சொல்லிவிடுகிறேன். வழக்கமான துப்பாக்கியில் விரல் இழுக்கும் விசைக்கு முன்னால் மேகசினும் (தோட்டாக்கள் அடைத்த பெட்டி) தோட்டா வெடிக்கும் அறையும் இருக்கும். விசைக்குப் பின்னால் தோளுக்கு முட்டுக் கொடுக்க ஒரு கட்டை. அந்தக் கட்டைக்குள்ளேயே அறையையும் மேகசினையும் தள்ளிவிட்டால், குழலைத் தொடாமல் மொத்த நீளத்தைக் குறைத்துவிடலாம். அதுதான் புல்பப். கார்பைன் வேறு வழியில் போனது. அமைப்பை மாற்றாமல் குழலையே வெட்டிக் குறைத்தது.

என் மாப்புக் கட்டையால் காட்ட முடியாதது அந்தக் குழலைத்தான். எஸ்ஏஆர் 21இன் குழல் 508 மில்லிமீட்டர், அதாவது பழைய எம்16க்கு இருந்த அதே நீளம். எம்4இன் குழல் சுமார் 370. நாம் சுடும் 5.56 மில்லிமீட்டர் தோட்டா மிகச் சிறியது. அதன் வலிமை எடையில் கிடையாது, வேகத்தில் இருக்கிறது. வேகமாகப் போய்ப் பட்டால் உள்ளே புரண்டு உடைகிறது. வேகம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால் ஊசி மாதிரித் துளைத்துக்கொண்டு போய்விடுகிறது. குழலை 14 சென்டிமீட்டர் வெட்டினால் நொடிக்கு ஏறத்தாழ 50 மீட்டரோ அதற்கு மேலோ வேகம் போகும். கேட்க அற்பமாக இருக்கலாம். ஆனால் அந்தத் தோட்டா நன்றாக வேலை செய்யும் தூரம் அதனால் சுருங்குகிறது. போதாததற்கு, எரிந்து முடியாத மருந்து குழல்வாயில் வந்து எரிவதால் நெருப்பும் சத்தமும் கூடுதல். ஆகவே அதே நீளத்துக்குள் முழுக் குழலைக் கொடுப்பதுதான் புல்பப்பின் உண்மையான லாபம். பையனிடம் இதைச் சொன்னேன். "அப்போ ஏன் மாமா எல்லாரும் விடுறாங்க?" என்றான். அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் எஸ்ஏஆர் 21க்கு நான் பட்ட நன்றிக்கடனைச் சொல்லிவிட வேண்டும். சிக்னலராக இருந்தவனுக்கு அது வரப்பிரசாதம். முதுகில் செட், இடது கையில் ஹேண்ட்செட், வலது கையில் துப்பாக்கி. எடையெல்லாம் பின்னால் இருப்பதால் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டால் ஒரே கையில் நிற்கும், மூக்கு தொங்காது. எம்16ஐ ஒரு கையில் பிடித்துக்கொண்டு சித்தப்பா ஐந்து நிமிடம் பேசியிருப்பாரா என்று கேட்டேன். "நான் சிக்னலர் இல்லடா" என்று நழுவிவிட்டார். டெரெக்ஸ் மாதிரி கவச வண்டிக்குள் முட்டி முட்டியோடு இடிக்க உட்கார்ந்திருக்கும்போதும், புருணைக் காட்டில் கொடி பின்னிக் கிடக்கும் இடத்தில் குனிந்து நுழையும்போதும் அந்த ஒரு சாண் எவ்வளவு பெரிது என்று உடம்புக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எஸ்ஏஆர் 21க்கு நாம் கொடுக்கும் புகழில் பாதி புல்பப்புக்குச் சேர வேண்டியது இல்லை. 1.5 மடங்கு ஸ்கோப்பை மேலேயே பொருத்திக் கொடுத்ததால் கண்ணாடி போட்ட பையன்களும் குறி பார்த்துச் சுட்டோம். அது ஸ்கோப்பின் புகழ். எந்தத் துப்பாக்கியின் தலையிலும் ஸ்கோப் வைக்கலாம். எத்தனை தோட்டா மிச்சம் என்று காட்டும் ஒளிபுகும் மேகசினும் அப்படியே. சுடும்போது தோளில் அதிகம் இடிக்காது என்பார்கள். காலியாகவே 3.82 கிலோ எடை இருந்தால் ஏன் இடிக்கப் போகிறது? எம்4 காலியாக 2.9 கிலோ போல வரும். இருபத்து நான்கு கிலோமீட்டர் நடையில் அந்த ஒரு கிலோ வித்தியாசம் எங்கே உட்காரும் என்பது நடந்தவனுக்குத் தெரியும். நியாயமாகப் பார்த்தால், எம்4க்கும் ஸ்கோப், லேசர் எல்லாம் மாட்டியபின் எடை ஏறத்தான் செய்யும். அப்போது இந்த இடைவெளி குறைந்துவிடும்.

இனி மறுபக்கம். இதில் கொஞ்சம் நிதானமாகப் போகிறேன், ஏனென்றால் நான் இடது கைக்காரன்.

சோறு வலது கையால் சாப்பிடப் பழக்கினார் அம்மா. எழுத்து இடது கைதான். குறி பார்க்கும் கண்ணும் இடது கண்தான். புல்பப்பில் தோட்டா வெடித்த பிறகு வெற்று உறை வெளியே வந்து விழும் வாய், கன்னத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எஸ்ஏஆர் 21இல் அது வலது பக்கம். வலது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்கு உறை வெளியே பறந்துபோகும். இடது தோளுக்கு மாற்றிவிட்டால் அந்த வாய் முகத்தின் பக்கம் திரும்பிவிடும். ஆகவே நான் வலது கைக்காரனாக மாறினேன். இடது கண்ணாடி வில்லையின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி வலது கண்ணைப் பழக்கினேன். பழகிப் போயிற்று. மார்க்ஸ்மன் (சிறந்த குறிகாரர்) ஆகவில்லை, அவ்வளவுதான். இதில் யார் மீதும் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு வேடிக்கையும் நடந்தது. வலது கை பிடியில் இருக்க, மேகசின் மாற்றும் வேலை முழுக்க இடது கைக்கு வந்துவிட்டதால், அந்த ஒன்றில் மட்டும் நான் எங்கள் சிறு குழுவான செக்‌ஷனில் எல்லோரையும்விட வேகம்.

பத்துப் பேரில் ஒருவர் இடது கைக்காரர் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த ஒருவருக்காக மொத்தப் படையின் துப்பாக்கியை மாற்றச் சொல்கிறானே இவன் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போய் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று பாருங்கள். தூணின் வலது ஓரமாக எட்டிப் பார்த்துச் சுட்டால், வலது தோள்காரர் ஒரு கண்ணும் அரைத் தோளும் மட்டும் காட்டினால் போதும். இடது ஓரமாகச் சுட வேண்டுமானால் அதே ஆள் பாதி உடம்பை வெளியே தள்ள வேண்டும். இல்லையென்றால் துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்ற வேண்டும். ஊருக்குள் நடக்கும் சண்டையில் சந்து, வாசல், மாடிப்படி என்று பாதி முனைகள் இடது முனைகள். நம் ஊரைப்போல அடுக்குமாடியும் தூணும் தாழ்வாரமுமாக இருக்கும் இடத்தில், அசல் வலது கைக்காரருக்கும் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது இடது கைக்காரராக வேண்டியிருக்கும். முராயிலும் சாஃப்டி சிட்டியிலும் கட்டடம் கட்டிப் பயிற்சி கொடுப்பவர்கள் நீங்கள், இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. இந்த இடத்தில் கார்பைன் எளிதாக ஜெயிக்கிறது. அதுவும் உறையை வலது பக்கம்தான் தள்ளுகிறது, ஆனால் முகத்துக்கு ஓர் அடி முன்னால். பழைய எம்16இல் இடது தோள்காரருக்குச் சூடான உறை சில சமயம் முகத்தில் அடித்தது உண்டு. ஏ2 வகையில் ஒரு சின்னப் புடைப்பை வைத்து அதையும் சரிசெய்துவிட்டார்கள்.

பிரிட்டனில் இந்தச் சிக்கல் இன்னும் முற்றியது. அவர்களுடைய எஸ்ஏ80 புல்பப்பில் காக் பண்ணும் (சுடத் தயாராக்க இழுக்கும்) கைப்பிடி வலது பக்கம் இருந்து, ஒவ்வொரு சுடுதலுக்கும் முன்னும் பின்னும் ஓடும். இடது தோளில் வைத்தால் அது முகத்திலேயே இடிக்கும். ஆகவே இடது கைக்காரர் எல்லோரையும் வலது தோளுக்குப் பழக்கினார்கள். நம் எஸ்ஏஆர் 21இல் கைப்பிடியை மேலே நடுவில் வைத்தது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று இதைப் படித்தபோதுதான் உறைத்தது. ஆஸ்திரியாவின் ஸ்டெயர் ஆக் என்ற புல்பப்பில் உள்ளே இருக்கும் போல்ட்டை மாற்றி உறையை இடது பக்கமாகத் தள்ள வைக்கலாம். ஆனால் அது ஆயுதக் கிடங்கான ஆர்ம்ஸ்கோட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை, தூணுக்குப் பின்னால் செய்யும் வேலை கிடையாது. பெல்ஜியத்தின் எஃப்2000 உறைகளை ஒரு குழாய் வழியாக முன்பக்கம் தள்ளியது. வழி இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்தது மேகசின். தோட்டா தீர்ந்ததும் கை போக வேண்டிய இடம் புல்பப்பில் அக்குளுக்குக் கீழே. மார்பில் கட்டிய பைகளுக்கும் முழங்கைக்கும் நடுவே அந்த வாயைத் தேட வேண்டும். படுத்த நிலையில் தரை வேறு தடுக்கும். கார்பைனில் மேகசின் கண்ணுக்கு முன்னால், இரண்டு கைக்கும் நடுவில். ஒவ்வொரு நாளும் பயிற்சி எடுக்கிற வீரருக்கு இது பெரிய விஷயம் இல்லை. புல்பப்பில் கண்ணிமைக்கும் நேரத்தில் மாற்றுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். என் கவலை ரிசர்விஸ்ட் ஆளைப் பற்றி. அவர் பதினொரு மாதம் எக்செல்லும் ஃபோர்க்லிஃப்டும் குழந்தையின் பால்புட்டியுமாக இருந்துவிட்டு, ஒரு திங்கட்கிழமை காலை முகாமுக்கு வருகிறார். ஓர் இரவுப் பயிற்சியில், மழையில், அக்குளுக்குக் கீழே தடவித் தடவி நான் மேகசினைச் சேற்றில் போட்டேன். தவறு என்னுடையதுதான். ஆனாலும் சேற்றில் மண்டியிட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது, இந்த வாய் கண்ணுக்கு முன்னால் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஒற்றைச் சுடுதலையும் தொடர் சுடுதலையும் மாற்றும் சுவிட்சும் எஸ்ஏஆர் 21இல் பின்கட்டையில்தான். சேஃப்டி விரலுக்கு எட்டும், அது எட்டாது. மற்றபடி, விரல் இழுக்கும் விசைக்கும் பின்னால் இருக்கும் சுத்தியலுக்கும் நடுவே ஒரு நீளக் கம்பி ஓடுவதால், புல்பப்களில் விசை கொஞ்சம் சவசவவென்று இருக்கும். நெடுந்தூரக் குறிகாரர்களுக்கு இது எரிச்சல், எங்களைப் போன்ற ஆட்களுக்குத் தெரியவே தெரியாது. அறை வெடித்தால் கன்னத்துக்கு அடியிலேயே வெடிக்கும் என்ற பயத்துக்கு நம் பொறியாளர்கள் கெவ்லார் தகடும் அழுத்தம் வெளியேற ஒரு வழியும் வைத்துப் பதில் சொல்லிவிட்டார்கள். 1999இலேயே இதை யோசித்த அந்த மனிதர்களுக்கு ஒரு சலாம்.

உயரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் எனக்கு அது முக்கியம். புல்பப்பின் பின்கட்டைக்குள் இயந்திரம் இருப்பதால் அதை நீட்டவோ சுருக்கவோ முடியாது. தோளுக்கும் விசைக்கும் உள்ள தூரம் எல்லோருக்கும் ஒன்றே. எங்கள் செக்‌ஷனில் ஆறடி உயரத்தில் ஒருவன், அவன் தோள் உயரத்துக்கு இன்னொருவன், இருவருக்கும் அதே கட்டை. அதன் மேல் தடித்த கவச உடையைப் போட்டால் தூரம் இன்னும் கூடும். குட்டையானவன் கையை நீட்டிக்கொண்டு, கழுத்தை முன்னுக்குத் தள்ளிக்கொண்டு சுட வேண்டும். கார்பைனில் ஒரு பித்தானை அழுத்தினால் பின்கட்டை முன்னும் பின்னும் நகர்ந்து ஆளுக்குத் தகுந்தபடி நிற்கும். ஆட்களைப் பொறுக்கி எடுக்கும் படைக்கு இது வசதி. பதினெட்டு வயதான பிள்ளைகளைப் பெரும்பாலும் வந்தபடியே எடுத்துக்கொள்ளும் நம் படைக்கு இது தேவை. தொண்டூழியர் படையில் சேரும் பெண்களையும் இதில் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பையனின் கேள்விக்கு வருகிறேன். எல்லா நாடும் புல்பப்பை விட்டுவிட்டதா? பிரான்ஸ் தன் புல்பப்பான ஃபமாஸை விட்டு 2017இலிருந்து வழக்கமான அமைப்புள்ள எச்கே416க்குப் போனது உண்மை. ஃபமாஸ் எஃகு உறைத் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது. அதைத் தயாரித்த சென்ட் எட்டியன் ஆலையையும் மூடிவிட்டார்கள். வீட்டில் சமைக்க ஆள் இல்லை என்று கடையில் வாங்கினால் சமையல் தப்பு என்று ஆகிவிடுமா? சீனா 2019 அணிவகுப்பில் கியூபிஇசட்-191ஐக் காட்டி, தன் புல்பப்பிலிருந்து விலகத் தொடங்கியது. நியூசிலாந்து ஸ்டெயரை விட்டது. மலேசியாவும் ஸ்டெயர் வைத்திருந்து பிறகு எம்4 வாங்கியது. இஸ்ரேலில் தாவோர் என்ற புல்பப் வந்த பிறகும் எம்4 போகவில்லை. பிரிட்டனில் ராயல் மரைன்ஸும் ரேஞ்சர் படையும் வழக்கமான அமைப்புக்கு மாறுகின்றன. ஆனால் பிரிட்டனின் பெருவாரியான வீரர்கள் கையில் இன்னும் எஸ்ஏ80தான். முதல் வகை படுமோசம் என்று பெயர் வாங்கியதைப் பெரும் செலவில் திருத்தி, அதன் பிறகு இருபது ஆண்டுக்கு மேல் ஓட்டிவிட்டார்கள். ஆஸ்திரேலியா ஸ்டெயரையே புதுப்பித்து வைத்துக்கொண்டது. ஆகவே 'எல்லாரும்' என்பது பையனின் விளையாட்டுத் திரையில்தான். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு காரணம். அதில் எத்தனை நம் காரணம் என்று பிரித்துப் பார்ப்பது உங்கள் வேலை.

புல்பப்பின் பக்கம் இன்னொரு காற்றும் வீசுகிறது. இப்போது பல படைகள் குழல்வாயில் சத்தம் அடக்கும் கருவியைப் பொருத்தத் தொடங்கியிருக்கின்றன. அதைப் பூட்டினால் எந்தத் துப்பாக்கியும் ஒரு சாண் நீளும். கார்பைன் பழைய எம்16 நீளத்தை நெருங்கும், புல்பப் அப்போதும் கையடக்கமாக இருக்கும். ஆனால் அந்தக் கருவி புகையைத் திருப்பி அனுப்பும். புல்பப்பில் அது நேராகக் கண்ணிலும் மூக்கிலும் வந்து இறங்கும். ஒரு கையால் கொடுத்து இன்னொரு கையால் வாங்கிக்கொள்கிற கதை.

நீங்கள் ஒரு பக்கம் ஏற்கெனவே சாய்ந்துவிட்டீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. செக்‌ஷன் இயந்திரத் துப்பாக்கியாக நம் ஊரிலேயே பிறந்த அல்டிமேக்ஸ் 100க்குப் பதிலாக, கோல்ட் நிறுவனத்தின் ஐஏஆர்6940இ-எஸ்ஜியை எடுத்தீர்கள். அது எம்16 குடும்பத்து வார்ப்பு, மேகசின் முன்னால், பின்கட்டை நகரும். அதாவது ஒரே செக்‌ஷனில் சிலர் கை அக்குளுக்குப் போகும், சிலர் கை முன்னால் போகும். ஒருவர் காயப்பட்டு அவர் ஆயுதத்தை இன்னொருவர் எடுக்க வேண்டி வந்தால், கை எங்கே போகும் என்று யோசித்துப் பார்த்தீர்களா? யோசித்திருப்பீர்கள். நம் சொந்த நிறுவனம் 2018 விமானக் காட்சியில் வைத்த பிஆர் 18 என்ற புல்பப்பும் இருக்கிறது. நம்மூர்ச் சரக்கு என்பதற்காக அதை எடுக்கவும் வேண்டாம், வெளிநாட்டார் விட்டுவிட்டார்கள் என்பதற்காகத் தள்ளவும் வேண்டாம்.

என் சாய்வு எது என்று கேட்டால் மறைக்க மாட்டேன். சிக்னலராக இருந்தவன் மனசு புல்பப்பில். மற்றபடி நான் கார்பைன் பக்கம், அதுவும் 370 அளவுக்கு வெட்டாமல் குழலை 400 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வைத்தால். இரண்டு பக்கமும் இயங்கும் பித்தான்களும், நகரும் பின்கட்டையும் வேண்டும். புல்பப்தான் என்று நீங்கள் முடிவு செய்தால் அதற்கும் தலையாட்டுவேன், ஒரே நிபந்தனையோடு: உறை முன்னாலோ கீழேயோ விழ வேண்டும், கன்னத்துப் பக்கம் வரக் கூடாது.

கேட்க வந்தது இதைவிடச் சின்னது. பரிசோதனைக்குத் துப்பாக்கிகளைக் கொடுக்கும்போது கமாண்டோக்களிடம் மட்டும் கொடுக்காதீர்கள். அவர்கள் கையில் விளக்குமாறும் சுடும். உயரம் குறைந்த ஒரு பையன், பதினொரு மாதமாகத் துப்பாக்கியைத் தொடாத ஒரு ரிசர்விஸ்ட் அப்பா, கண்ணாடி போட்ட ஒரு தொண்டூழியப் பெண், வயதான ஓர் என்சிக் (வாரண்ட் அதிகாரி), அப்புறம் ஓர் இடது கைக்காரன் என்று ஐந்து பேரைப் பிடியுங்கள். முழுக் கவசத்தோடு, இரவில், மழையில், தூணின் இடது ஓரத்தில் நிறுத்தி, மூன்று மேகசின் மாற்றச் சொல்லுங்கள். எது சேற்றில் விழுகிறது என்று எண்ணுங்கள். வேகமாகச் செய்தவரின் நேரத்தைவிட, கடைசியாகச் செய்தவரின் நேரத்தை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு இன்னும் இரண்டு ஆண்டில் அழைப்புக் கடிதம் வரும். அவனும் இடது கைக்காரன். போன வாரம் ஷெல்டர் அறையில் அந்த 805 கட்டையை எடுத்து, யாரும் சொல்லாமலே இடது தோளில் வைத்துப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்தாவது ஆள் கிடைக்காவிட்டால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். சனிக்கிழமை காலை எனக்கு வேலை இல்லை. கண்ணாடியில் ஒட்ட டேப் நானே கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
பழைய சிக்னலர் ஒருவன்
உட்லண்ட்ஸ்